முதியோரின் இருதயம் பெரிதாவது ஏன்?

நம் கிராமங்களில் முதியோரின் தொகை பெருகியுள்ளது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்களாயிருந்தனர். அன்று தொட்டு இவ்விகிதம் உயர்ந்துள்ளதேயன்றிக் குறையவில்லை. முதியோர் உதவித்தொகை கோரியும், மருத்துவ உதவி கோரியும் வட்டார அலுவலகத்துக்கு வருவோர் கையில் கொண்டுவரும் காகிதங்களில், 'இருதயம் பெரிதாக உள்ளது' என்ற ஒரு வரியை நாம் பலமுறை கண்டுள்ளோம். எக்ஸ்ரே அறிக்கையில் எழுதப்படும் இவ்வொரு வரி குடும்பத்தாரை இரண்டு வகையில் தவறான வழியில் செலுத்திவிடுகிறது. சிலர், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிட்டு விடுகின்றனர். வேறு சிலர், வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர்.

இருதயம் பெரிதாதல் தனியொரு நோயன்று. அது வேறொன்றின் அடையாளம். வரப்பு உடைந்து கிடப்பதைக் கண்ட விவசாயி, மண்ணை அள்ளிப் போடுமுன் தண்ணீர் எப்பக்கமிருந்து வந்தது என்றுதான் முதலில் பார்ப்பான். அவ்வாறே, இருதயம் ஏன் பெரிதாயிற்று என்று கேட்பதே முதல் வேலை. அக்காரணங்களுள் மிகுதியானவை நம் ஊர்களிலேயே கண்டறியத் தக்கவை. சில, நம் ஊர்களிலேயே தடுக்கத் தக்கவை. நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் வட்டாரத்தில் பணியாற்றும் மருத்துவ அலுவலர்களோடு கூடிப் பழகியதாலும், நூல்களைப் பயின்றதாலும் அறிந்தவற்றை ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயன்படுமாறு இங்கு எடுத்துரைக்கிறோம்.

இருதயத்தின் வேலை

இருதயம் ஏறக்குறைய அவரவர் மூடிய கைப்பிடி அளவினது. வளர்ந்தவருக்குச் சுமார் 300 கிராம் எடையுள்ளது. நிமிடத்துக்கு 70 முறை என்று கொண்டாலும், நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கிறது. மனிதன் சும்மா அமர்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவு இரத்தத்தை உடலெங்கும் இறைக்கிறது. அதில் நான்கு அறைகள் உண்டு. இரத்தம் போன வழியே திரும்பாதிருக்க நான்கு வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரின் அடியில் புட்வால்வு என்ன செய்கிறதோ அதையே இவையும் செய்கின்றன.

இந்த இறைவை இரு வகையில் பெரிதாகும். ஒன்று, சுவர் தடித்தல். மேட்டு நிலத்துக்கு ஓயாமல் பாரம் இழுக்கும் காளையின் திமிலும் தோளும் திரள்வது போல, எதிர்ப்பை மீறி இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் தசை தடிக்கிறது. காளைக்கு அது வலிமை; இருதயத்துக்கு அவ்வாறன்று. தடித்த சுவர் விறைத்துப்போய், விரிந்து இரத்தத்தை ஏற்றுக்கொள்ள இயலாமற் போகிறது. மற்றொன்று, அறை அகலுதல். தசை நலிந்து, தளர்ந்த பை போல் விரிந்துவிடுகிறது. உள்ளே இரத்தம் நிறைய இருக்கும், வெளியே தள்ளும் ஆற்றல் இராது. முதல் வகை கவனிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இரண்டாம் வகையில் போய் முடிவதும் உண்டு.

எக்ஸ்ரே அறிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். மார்பின் அகலத்தில் பாதிக்கு மேல் இருதயத்தின் நிழல் பரவியிருந்தால் 'பெரிது' என்று எழுதுவது வழக்கம். நோயாளியைப் படுக்கவைத்து எடுத்தாலும், அவர் மூச்சை நன்றாக உள்ளிழுக்காத வேளையில் எடுத்தாலும், இயல்பான இருதயமும் பெரிதாகத் தோன்றும். முதுகு கூன் விழுந்த முதியோரிடம் இத்தகைய மயக்கம் மிகுதி. இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்திருந்தாலும் நிழல் விரியும். காசநோய், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவற்றால் அவ்வாறு நேர்வதுண்டு. மறுபுறம், சுவர் தடித்த இருதயம் எக்ஸ்ரேயில் சாதாரணமாகத் தோன்றுவதும் உண்டு. ஆகையால் எக்ஸ்ரேயைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அதை மட்டும் நம்பி அமைதியுறவும் வேண்டா. ஒலி அலைகளைக் கொண்டு இருதயத்தை நேரே காட்டும் எக்கோ பரிசோதனையே சுவரின் தடிப்பையும், அறையின் அகலத்தையும், வால்வுகளின் நிலையையும் தெளிவாக்கும். ஊசியில்லை, வலியில்லை. 'எக்கோ எடுத்தாயிற்றா?' என்று கேட்கத் தெரிந்திருப்பதே ஒரு குடும்பத்துக்குப் பெருந்துணையாகும்.

முதற் காரணம்: இரத்த அழுத்தம்

மக்கள் இரத்தக் கொதிப்பு என்று வழங்கும் உயர் இரத்த அழுத்தமே முதியோரின் இருதயம் பெரிதாவதற்கு மிகப் பொதுவான காரணங்களில் முதலாவது. மேல் எண் 140-ஐயோ, கீழ் எண் 90-ஐயோ வெவ்வேறு நாட்களில் அளந்தும் எட்டியிருந்தால் அதனை உயர் அழுத்தம் என்கின்றனர். வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் விறைப்பதால் மேல் எண் மட்டும் உயர்ந்து நிற்பது முதியோரிடம் மிகுதி. இதன் தீமை யாதெனில், வலி இல்லை என்பதே. தலைசுற்றினால்தான் கொதிப்பு உண்டு என்று நம் மக்கள் கருதுகின்றனர். பெரும்பாலோருக்கு அது ஒரு குறியும் காட்டுவதில்லை.

எம் வட்டாரத்து ஊர் ஒன்றில் 68 வயது விவசாயி ஒருவருக்கு இரு கால்களும் வீங்கின. வரப்பில் நடந்தால் மூச்சு வாங்கிற்று. இரவில் தலையணை இரண்டு வைத்தாலன்றிப் படுக்க முடியவில்லை. வீட்டார் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தனர். 'உடம்பில் நீர் கோத்துள்ளது, வயதுதானே' என்றிருந்தனர். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரையையும் பல மாதங்களாக அவர் விழுங்கி வந்திருக்கிறார். விசாரித்ததில், இரண்டாண்டுகளுக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் மிகுதி என்று கண்டு மாத்திரை கொடுத்திருந்தனர் என்பதும், 'உடம்பு நன்றாகிவிட்டது' என்று இரண்டாம் மாதத்திலேயே அவர் நிறுத்திவிட்டார் என்பதும் தெரியவந்தன. எக்கோவில் இருதயச் சுவர் தடித்தும் இடது அறை விரிந்தும் இருந்தது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. இப்பொழுது வயலுக்கு நடந்து போய் வருகிறார். பழைய வலிமை முழுவதும் திரும்பியது என்று சொல்வதற்கில்லை. அந்த இரண்டாண்டுகள் மாத்திரையை விடாதிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது என்று மருத்துவர் கூறியதை அவருடைய மகன் எம்மிடம் வருத்தத்தோடு சொன்னார்.

அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் தடித்த சுவர் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பது மருத்துவ ஆராய்ச்சியால் உறுதிப்பட்ட உண்மை. அளவு சரியாகிவிட்டது என்பதால் மாத்திரையை நிறுத்துவது, மடை அடைத்ததால் தண்ணீர் நின்றது, ஆகவே மடையைத் திறந்துவிடலாம் என்பதை ஒக்கும்.

அந்தக் கடை மாத்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். மூட்டு வலிக்கு விற்கப்படும் வலி நிவாரணிகளுள் பல, உடலில் உப்பையும் நீரையும் தேக்குகின்றன, அழுத்தத்தை உயர்த்துகின்றன, சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. நலிந்த இருதயம் உள்ளவருக்கு இவற்றால் சில நாட்களிலேயே மூச்சுத் திணறல் உண்டாகக்கூடும். நடவும் களையும் முடிந்த நாட்களில் இம்மாத்திரைகளைச் சீட்டின்றி வாங்கி விழுங்கும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியுள்ளது. இதைவிட உடனடியாகக் களையவேண்டிய களை வேறொன்று இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

அடைப்பும் வால்வும்

இருதயத் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபடுவது அடுத்த காரணம். மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி மடிந்து வடுவாகிவிட, எஞ்சிய பகுதி அதன் வேலையையும் சேர்த்துச் செய்து நாளடைவில் விரிந்து போகிறது. நீரிழிவு உள்ள முதியோருக்கு மார்பு வலியே இல்லாமலும் மாரடைப்பு வந்து போவதுண்டு. 'வாயுப் பிடிப்பு' என்று எண்ணிக் கழித்த ஓர் இரவு, ஆண்டுகள் சில கழிந்து விரிந்த இருதயமாக வெளிப்படலாம். புகையிலை, நீரிழிவு, உயர் அழுத்தம், கொழுப்பு ஆகியவை இதற்கு வித்திடுவன.

புட்வால்வு ஒழுகினால் மோட்டார் ஓடியும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். இருதய வால்வு ஒழுகினாலும் அப்படியே. தள்ளிய இரத்தம் திரும்பி வந்து அறையை விரிக்கிறது. வால்வு சுருங்கினாலோ, குறுகிய வழியே தள்ளவேண்டியிருப்பதால் பின்னுள்ள அறை தடிக்கிறது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுக் காய்ச்சல் வால்வுகளைத் தாக்கி, அதன் கேடு முதுமையிலும் நீடிக்கும். பள்ளிப் பிள்ளைகளின் தொண்டைப் புண்ணுக்கும், அதன்பின் வரும் மூட்டு வீக்கத்துக்கும் உரிய மருத்துவம் செய்விப்பது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்திய முதியவருக்கு இன்றே செய்யும் உதவியாகும். முதுமைக்கே உரிய வால்வு நோய் ஒன்றும் உண்டு. உடலின் பெருங்குழாய்க்குச் செல்லும் வால்வில் சுண்ணம் படிந்து அது கல்லாகிவிடுகிறது. படியேறும்போது மயக்கம், மார்பு வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை இதன் குறிகள். மருந்தினால் இது திறக்காது; வால்வை மாற்றவேண்டும். மார்பைப் பிளக்காமல் தொடைக் குழாய் வழியே புது வால்வைச் செலுத்தும் முறையை 2002இல் பிரான்சு நாட்டின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற மருத்துவர் முதன்முதலாக மனிதருக்குச் செய்து காட்டினார். மூப்பினால் அறுவை தாங்கார் எனப்பட்டோர் பலர் இதனால் பிழைத்துள்ளனர்.

மதுவும் தீட்டிய அரிசியும்

பல ஆண்டுகள் மிகுதியாகக் குடிப்போரின் இருதயத் தசை மதுவின் நஞ்சினாலேயே நலிந்து விரிகிறது. குடியை அறவே நிறுத்தினால் பலருக்கு இருதயம் தேறுகிறது என்பது இதில் நம்பிக்கையளிக்கும் செய்தி. ஆனால் குடிப்பவரிடம் மற்றொரு கேடும் சேர்ந்து வருகிறது. அதன் வரலாறு நம் மாநிலத்தோடு தொடர்புடையதாதலால் சற்று விரித்துரைப்போம்.

'பி1' எனப்படும் உயிர்ச்சத்துக் குறைவால் வரும் நோய் பெரிபெரி. அதில் ஒரு வகையில் கால்கள் வீங்கி, இருதயம் பெருத்து, மூச்சுத் திணறி நோயாளி சில நாட்களில் இறந்துவிடவும் கூடும். இந்நோயை ஆராய 1918இல் ராபர்ட் மக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சிப் பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அச்சத்து நெல்லின் தவிட்டிலும் முளையிலும் உள்ளது. பச்சரிசியை வெண்மையாகத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அது அரிசியின் உட்பகுதிக்கு ஊடுருவுகிறது; ஆதலால் புழுங்கலரிசியைத் தீட்டினாலும் முற்றும் போவதில்லை. நம் முன்னோர் பெரிபெரியை எண்ணி நெல்லை அவித்தார் அல்லர். ஆயினும் அவித்தது நமக்குக் காவலாயிற்று.

இன்று அந்நோய் பழைய வடிவில் அரிது. ஆனால் மாலையில் குடித்துவிட்டு உணவைத் தொடாமல் படுத்துவிடும் மனிதனிடம் அது ஒளிந்து கொண்டு வருகிறது. அத்தகையவருக்குக் கால் வீங்கினால் மருத்துவரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். பி1 ஊசியினால் வியக்கத்தக்க விரைவில் தேறுவோரும் உண்டு. நாணத்தால் மறைத்தால் அவ்வூசி கிடைக்காமலே போகலாம்.

புகை, சோகை முதலியன

இருதயத்தின் வலப்பக்கம் மட்டும் பெரிதாவதும் உண்டு. நுரையீரல் கெட்டால் அதற்குள் இரத்தத்தைத் தள்ளும் வலப்புறத்து அறை திணறுகிறது. ஆடவருக்குப் பீடியும், பெண்டிருக்கு விறகடுப்பின் புகையும் இதற்குக் காரணம். வாழ்நாளில் ஒரு பீடியும் தொடாத பாட்டிமார் இருமி இளைப்பது அடுப்பங்கரையில் கழிந்த நாற்பது ஆண்டுகளின் விளைவு. 1952 அக்டோபர் 2-இல் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டே புகையில்லா அடுப்பு நம் துறையின் பாடங்களில் ஒன்றாக இருந்து வந்தது. எரிவாயு வந்த பின்னும், சிலிண்டரைச் சேமிக்க வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகையே எரிக்கும் வீடுகள் பல. அவ்வடுப்பையேனும் திறந்த வெளிக்கு மாற்றுதல் நலம்.

கடுமையான இரத்தசோகை நெடுநாள் நீடித்தால், நீர்த்த இரத்தத்தை விரைந்து சுழற்றும் முயற்சியில் இருதயம் விரிகிறது. கொக்கிப் புழுவும், மூலத்தின் இரத்தப் போக்கும், பல்லில்லாமையால் வெறுங் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வதும் முதியோரின் சோகைக்கு வழி. தைராய்டு மிகினும் குறையினும் இருதயம் பாதிக்கப்படும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கும், உடல் மிகப் பருத்தவருக்கும் இவ்வாறே. நாடி தாறுமாறாக ஓடுவதும் ஒரு காரணம், விளைவும் அதுவே. அவ்வாறு ஓடும் நாடியை உடனே காட்டவேண்டும். இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் வரக்கூடும். மிக மூத்தவர்களிடம் ஒருவகைப் புரதம் தசையில் படிந்து சுவரைத் தடிக்கச் செய்வதும் உண்டு. முன்பு இது அரிதென எண்ணப்பட்டது, இப்போது கூடுதலாகக் கண்டறியப்படுகிறது. இவற்றுள் எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. ஒருவரிடமே இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதுதான் முதியோரிடம் இயல்பு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பின்மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பார்த்தால், வீக்கமுள்ளவருக்குக் குழி விழுந்து நிற்கும். எல்லாக் கால் வீக்கமும் இருதயத்தால் வருவதன்று. ஆனால் குழி விழும் வீக்கத்தோடு மூச்சு வாங்குதலும், மல்லாந்து படுக்க இயலாமையும், நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருதலும் சேர்ந்தால் தாமதம் கூடாது. நோய் உறுதியானவர் நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன் எடை பார்க்கவேண்டும். இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் அது சதையன்று, தேங்கிய நீர். மார்பு வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ 108-ஐ அழைக்கவேண்டும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஒரு சிறு தேக்கரண்டிக்கு மிகாது. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுக் கருவாடும், ஊறுகாயும், அப்பளமும், மோர்மிளகாயும் தொட்டுக்கொள்வதால் பயனில்லை. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று சிலர் பெருமையாகச் சொல்வர். அதுவும் பெரும்பகுதி அதே உப்புத்தான்.

நீர் பிரியும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள் சந்தைக்கும் கலியாணத்துக்கும் போகும் நாளில் அதை விழுங்குவதில்லை. பேருந்தில் ஒதுங்க இடமில்லை என்பது காரணம். இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. பெண்களின் இடர்ப்பாடு நாம் அறிந்ததே. அந்நாளில் நேரத்தை மாற்றி, வீடு திரும்பிய பின் விழுங்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரேயடியாக விட்டுவிடுதல் ஆகாது. 'தண்ணீர் நிறையக் குடி' என்று எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையும் இவர்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு என்று மருத்துவர் சொன்ன அளவே அளவு.

ஊராட்சி செய்யக்கூடியது

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டபோது, வீட்டுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை வழங்கும் முறை வகுக்கப்பட்டது. பட்டியலில் பெயர் உள்ளவர் மாத்திரையை வாங்குகிறார். விழுங்குகிறாரா என்பது வேறு. தனித்து வாழும் முதியோர், பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட வீட்டார், தோட்டத்துச் சாளைகளில் இருப்போர் ஆகியோரைத் தத்தம் வார்டில் இனங்கண்டு சுகாதாரப் பணியாளருக்குத் தெரிவிப்பது உறுப்பினருக்கு அரைநாள் வேலை.

கிராம சபை கூடும் நாளில் மரநிழலில் ஒரு மேசை போட்டு அழுத்தம் பார்க்கச் செவிலியரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். முதியவரை நடந்து வந்த களைப்போடு அளக்கக்கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, காலை ஊன்றி, கையை மேசைமேல் மார்பின் உயரத்தில் வைத்து அளக்கவேண்டும். அதற்கு அரைமணி முன்பு வரை பீடியும் தேநீரும் ஆகா. எண்களைத் தேதியோடு ஓர் அட்டையில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிட்டால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது எக்ஸ்ரேயோடு அந்த அட்டையையும் எடுத்துச் செல்வார்.